பழைய படகைப் பார்த்து வாங்குதல்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதற்குக் கிழக்கே கடலோரமாய்க் கிடப்பது எழுவான்கரை. மேற்கே வயல்வெளிகளோடு பரந்து கிடப்பது படுவான்கரை. இவ்விரு கரைகளையும் நெடுங்காலமாக இணைத்து வைத்தவை தோணிகளும் ஓடங்களுமே. 2014ஆம் ஆண்டு மண்முனையிலே பாலம் திறக்கப்பட்டதும் அத்துறையில் ஓடத்தின் வேலை ஓய்ந்தது. ஆயினும் வாவியிலே படகுக்கு வேலை இல்லாமற் போய்விடவில்லை. மீன்பிடி ஒருபுறமிருக்க, 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் வரத் தொடங்கிய உல்லாசப் பயணிகளைக் கண்டற் காடுகளின் ஓரமாக அழைத்துச் செல்லவும், நிலாக்காலத்து இரவிலே கல்லடிப் பாலத்தடியில் நிறுத்திப் பாடும் மீனின் ஓசையைக் கேட்கச் செய்யவும் சிறு படகுகள் வேண்டப்படுகின்றன.

இத்தகைய தொழிலில் புதிதாக இறங்குபவர், புதுப் படகும் புது இயந்திரமும் வாங்கக் கைப்பணம் போதாமையால், பழைய பைபர் படகு ஒன்றையே தேடிச் செல்கின்றார். கரையிலே புது வர்ணம் பூசி, வரிசையாகப் பலகை இருக்கைகள் பொருத்தி, மேலே கூரைச்சீலையும் கட்டி நிற்கும் படகு பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படகின் குற்றங்கள் பார்வைக்குத் தெரியும் இடத்தில் இருப்பதில்லை. அவை வர்ணத்தின் கீழும், பலகைகளின் அடியிலும், நீர்மட்டத்துக்குக் கீழும் மறைந்திருப்பவை. வாகனம் பழுதானால் தெருவோரத்தில் நிறுத்திவிட்டு இறங்கலாம். வாவி நடுவிலே அவ்வசதி இல்லை. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கிண்ணியாவுக்கு அருகே குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததைக் கிழக்கு மாகாணத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். ஏறுகின்ற பயணி படகைச் சோதித்துப் பார்த்து ஏறுவதில்லை. சோதிக்க வேண்டியவர் அதை வாங்குபவரே.

முதலிலே படகின் வயதையும் பிறப்பையும் கேட்டறிதல் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை நாவலடி முதலிய கரையோர ஊர்களை அழித்து, படகுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அதன்பின் உதவி நிறுவனங்கள் பல, மிகக் குறுகிய காலத்தில், ஆயிரக்கணக்கான பைபர் படகுகளை இலங்கைக் கரையோரங்களுக்கு வழங்கின. அவசரத்தில் கட்டப்பட்டவற்றுள் தரங்குறைந்தவையும் இருந்தன என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தார் அக்காலத்திலேயே சுட்டிக்காட்டினர். அக்காலத்துப் படகு இன்று விலைக்கு வருமாயின் அதற்கு இருபது வயது கடந்துவிட்டது. அதனாலேயே அது ஆகாதென்று தள்ளிவிட வேண்டியதில்லை. நன்றாகக் கட்டிய பைபர் படகு அவ்வளவு காலம் உழைக்கக்கூடியதே. ஆனால் எங்கே, யார் கட்டியது என்ற கேள்விக்கு விற்பவர் தெளிவாக விடை சொல்ல வேண்டும்.

படகைக் கட்டாயம் நீரிலிருந்து ஏற்றி, உலர வைத்துப் பார்த்தல் வேண்டும். பைபர் என்பது கண்ணாடி இழைப் பாயைப் பிசினிலே தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி இறுகச் செய்த பொருள். அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தால் வெளித்தோற்றத்தில் மாற்றம் தெரியாது, ஓசையில் தெரியும். சிறு மரச்சுத்தியலாலோ, கத்தியின் மரப்பிடியாலோ உடல் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தால், நல்ல இடத்தில் கணீரென்றும் கெட்ட இடத்தில் மொத்தென்றும் ஓசை எழும். தேங்காய் வாங்குபவர் தட்டிப் பார்ப்பதைப் போன்றதே இது. ஒரே இடத்தில் மட்டும் வர்ணம் புதிதாக இருந்தால் அங்கே இருமுறை தட்டுதல் நல்லது. மணலில் இழுத்து இழுத்து அடிமுதுகு தேய்ந்து இழை வெளியே தெரிகிறதா என்றும், சிறு கொப்புளங்கள் எழும்பியிருக்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். கொப்புளத்தைக் குத்தினால் புளித்த வாடையோடு நீர் வடியுமாயின், அவ்விடத்தில் தோலினுள் நீர் புகுந்துவிட்டது என்பது பொருள்.

எல்லாவற்றிலும் முதன்மையான இடம் இயந்திரம் தொங்கும் பின்பலகை. வெளியே பைபர் போர்த்தியிருந்தாலும் அதனுள்ளே பெரும்பாலும் இருப்பது ஒட்டுப்பலகைதான். ஆணித்துளைகள் வழியாக நீர் இறங்கி அம்மரம் உளுத்துப்போனாலும் மேற்போர்வை அப்படியே நிற்கும். இயந்திரத்தின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், பலகையும் சேர்ந்து வளைகிறதா என்று தெரிந்துவிடும். வளையுமாயின் விலை பேசுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஓடும் வேகத்தில் இயந்திரமே கழன்று நீருக்குள் போன சம்பவங்கள் இல்லாமல் இல்லை. இருக்கைகளின் கீழே அடைத்திருக்கும் மிதவைப் பஞ்சும் இவ்வாறே. அது நீரைக் குடித்துக் கனத்திருந்தால், படகு நீரில் ஆழ்ந்து நிற்பதோடு, மூழ்கும் வேளையில் தாங்கவும் மாட்டாது.

மரத்தோணி வாங்குபவர் பார்க்க வேண்டியது வேறு. உவர்நீரில் மரத்தைத் துளைக்கும் புழு வெளியே ஊசித்துளை அளவே விட்டு, உள்ளே மரத்தைச் சல்லடையாக்கிவிடும். வடகீழ்ப் பருவமழையிலே வாவி நன்னீராகும் காலத்தில் அதன் தொல்லை தணியும்; முன்பு துளைத்த துளைகளோ மூடப்போவதில்லை. கூரிய ஊசியால் நீர்மட்டத்துக்குக் கீழே குத்திப் பார்ப்பதும், பொருத்துகளில் கலப்பற்று உதிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அனுபவமுள்ள ஓடாவி ஒருவருக்கு அரைமணி நேர வேலை. அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண்செலவென்று எண்ணுபவர் கணக்கறியாதவர்.

இனி இயந்திரம். வாங்கச் செல்பவர் முதலில் அதன் தலையில் கைவைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கிறார். குளிர்ந்த இயந்திரம் கிளம்ப மறுப்பதை மறைக்க அதைவிட எளிய வழி இல்லை. பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரமாயின் இரண்டிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடும்போது பக்கத்துச் சிறுதுளையிலிருந்து குளிர்நீர் இடைவிடாது பீறிட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் உள்வழி உப்பினால் அடைபட்டுள்ளது. இரண்டு சிலிண்டருள்ள இயந்திரத்தில் இரண்டின் அழுத்தமும் கிட்டத்தட்டச் சமமாக இருத்தல் வேண்டும். கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்து, அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என்று கொள்ளலாம். விசிறியைக் கழற்றினால் அதன் பின்னே சுற்றிக் கிடக்கும் வலைநூல் அகப்படுவதுண்டு. நீர் புகுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

பத்திரங்களைப் பார்ப்பது சிறிய வேலை. ஆயினும் தவறவிடக் கூடாது. மீன்பிடிப் படகுகள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதியப்படுபவை. பதிவிலுள்ள இலக்கமும் படகில் எழுதிய இலக்கமும், பற்றுச்சீட்டிலுள்ள இயந்திர இலக்கமும் இயந்திரத்தில் பொறித்த இலக்கமும் ஒத்திருக்கின்றனவா, படகின்மேல் தீராத கடன் உண்டா என்பவற்றை அறிய வேண்டும். மீன்பிடிப்புக்காகப் பதிந்த படகில் பயணிகளை ஏற்றலாம் என்று எண்ணிவிடாமல், அதற்குரிய அனுமதியைத் தனியே விசாரிப்பதும் அவசியம்.

கடைசிச் சோதனை நீரில். தனியே ஏறி ஒரு வட்டம் அடித்து வருவது சோதனையாகாது. ஏற்றவிருக்கும் ஆட்களின் பாரத்துக்கு மணல்மூட்டைகளை ஏற்றி, அரைமணி நேரம் ஓட்டி, இருபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். திரும்பும்போது ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிரத் தாமதிக்கும் படகில் பயணிகளை ஏற்றலாகாது. பின்பு கரையிலே கட்டி, தரைப்பலகைகளைத் தூக்கி, அடியில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தரைப்பலகையைத் தூக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொல்வாராயின், முற்பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அடுத்த துறைக்குப் போய்விடலாம்.