பழைய பெட்டியும் புதிய பெட்டியும்

2025 தை மாதத்து மாலையொன்றில் எங்கள் வீட்டுப் பதிவுப் பெட்டி மூச்சை நிறுத்திக்கொண்டது. அதன் முகப்பில் எப்பொழுதும் எரியும் சிறு நீல விளக்கு இருமுறை மினுங்கிற்று, பின்னர் அணைந்தது. சுவரிலிருந்த செருகியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். தலையில் மெல்ல ஒரு தட்டும் தட்டினேன். வால்வு வானொலிக் காலத்து வைத்தியம் அது. இந்தக் காலத்துப் பெட்டிக்குப் பலிக்கவில்லை.

இலண்டன் மாநகரின் வடமேற்குப் புறத்திலே, மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, நான் தனித்து வாழ்கின்றேன். யாழ்ப்பாணத்திலே புவியியல் கற்பித்துவிட்டுப் போர்க்காலத்தில் இங்கு வந்து ஒதுங்கியவன். என்னைப் போன்றவனுக்குத் தொலைக்காட்சியில் அப்படி என்ன நாட்டம் என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பெட்டியை வாங்கியவன் நான். ஆண்டவள் என் மனைவி.

இப்பெட்டி இன்னதென அறியாதவர்க்கு ஒரு சொல். கூரையோரத்துச் சுவரிற் பொருத்திய கிண்ணம் செய்மதியிலிருந்து வரும் அலைகளைப் பிடிக்கிறது. இரண்டு வடங்கள் அவற்றை வீட்டினுள்ளே கொண்டுவருகின்றன. பெட்டியானது அவற்றைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றித் தருவதோடு, வேண்டியவற்றைத் தன் வயிற்றிலுள்ள வன்தட்டில் எழுதியும் வைக்கிறது. மாதச் சந்தா எதுவுமின்றி இவ்வாறு பார்க்கத்தக்க சேவையொன்றை, ஃப்ரீசாற் என்னும் பெயரில், பி.பி.சி.யும் ஐ.ரி.வி.யும் கூடி 2008 மே மாதத்தில் பிரித்தானியாவிலே தொடங்கின. எங்கள் பெட்டி அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர் வந்தது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். தொடரொன்றை ஒருமுறை குறித்துவிட்டாற் போதும். கிழமைதோறும் அது தானே பதிந்துகொள்ளும்.

என் மனைவி குறித்து வைத்தது தோட்டக்கலைத் தொடர் ஒன்று. ‘கார்டனர்ஸ் வேர்ல்ட்’ என்று 1968 முதல் பி.பி.சி. நடத்திவரும் நிகழ்ச்சி அது. ரோசாவைக் கத்தரிப்பதைப் பார்த்துவிட்டு, பின்வளவிலே கறிவேப்பிலைக் கன்றைச் சாக்கினாற் போர்த்துவாள். 2022 கார்த்திகையில் அவள் காலமானாள். பெட்டிக்கு அச்செய்தி எட்டவில்லை. வசந்தம் பிறந்ததும் வெள்ளிக்கிழமைகளிற் சிவப்பு விளக்கு எரியும், அவளுக்காகப் பதிந்துகொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு பதிந்தது. நான் அவற்றைப் பார்க்கவுமில்லை, அழிக்கவுமில்லை.

ஆயினும் அன்று மாலை எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது தோட்டத்தை நினைந்தன்று.

1990ஆம் ஆண்டிலே போரினால் நின்றுபோன யாழ்ப்பாணப் புகைவண்டி 2014 ஐப்பசியில் மீண்டும் ஓடத் தொடங்கியதை வாசகர் அறிவர். அதன்பின் ஒருகாலம், பயண நிகழ்ச்சி ஒன்றிலே வெள்ளைக்காரர் ஒருவர் அந்த வண்டியிற் போனார். நான் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். “இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ! உது எங்கடை கொடிகாமம்!” என்று அவள் கூவினாள். வண்டி நிலையத்தைக் கடந்தது. மும்மொழியிலும் எழுதிய பெயர்ப்பலகை, மேடையில் ஒரு சைக்கிளுடன் நின்ற சிறுவன், அப்பால் பனைகள். எண்ணிப் பார்த்தால் ஆறு விநாடி. அவள் அறிந்த பழைய நிலையமன்று அது, புதிதாகக் கட்டியது. ஆனாலும் அந்தப் பனைகளின் நிரையைக்கொண்டு ஊரை இனங்கண்டுவிட்டாள். ஊருக்கு ஒருமுறை போய்வருவோம் என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்தோம், போகவேயில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீரும் அந்த ஆறு விநாடியும் உண்டு. சைக்கிளிற் சிறுவன் வந்ததும் நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டு, எழுந்து சென்று திரையில் விரல் வைத்துக் காட்டுவாள். கண்ணாடியிலே விரல் அடையாளம் விழும். துடைப்பது என் வேலை.

புதுப்பெட்டி வாங்குவதென்று மகள் தீர்மானித்தாள். அதனைப் பூட்டித் தருவதற்குப் பதினாறு வயதுப் பேரன் வந்து சேர்ந்தான். பொருத்துதல் அரை மணி நேர வேலை என்றான். இரண்டரை மணி ஆயிற்று. குற்றம் என்னுடையது. பழைய பெட்டியின் பின்னாலிருந்த வடங்களிரண்டில் ஒன்றை மட்டும் திருகிவிட்டு, மற்றையது உபரி என்றெண்ணிச் சுருட்டி வைத்துவிட்டேன். படம் வந்தது. ஆனால் ஓர் அலைவரிசையைப் பதிய விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போனால், சிலவற்றிற் படம் வரும். பலவற்றிலே ‘சமிக்ஞை இல்லை’ என்னும் அறிவிப்பு வரும்.

காரணத்தைப் பேரன் சொல்லத் தெரிந்துகொண்டேன். புவியியல்காரனுக்கும் சுவையான செய்திதான். கிண்ணத்தின் முன்னே கைபோல் நீண்டு நிற்கும் தலையிலே ஒரு சிறு கருவி இருக்கிறது. செய்மதியிலிருந்து பத்துக்கும் பதின்மூன்றுக்கும் இடைப்பட்ட ஜிகா ஹேட்ஸ் மீடிறனில் வரும் அலைகளை அப்படியே வடத்தின் வழியே அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துவிடும். ஆகையால் அக்கருவி அவற்றைத் தாழ்ந்த மீடிறனுக்கு இறக்கி அனுப்புகிறது. அலைகளிலும் நிலைக்குத்தாக அதிர்வன ஒருசாதி, கிடையாக அதிர்வன மறுசாதி. எது வேண்டுமென்று பெட்டிதான் சொல்லவேண்டும். அதே வடத்தின் வழியே 13 வோல்ற்று அனுப்பினால் நிலைக்குத்து. 18 வோல்ற்று அனுப்பினால் கிடை. ஒரு வடத்தில் ஒரு வேளையில் ஒரு கட்டளைதான் செல்லும். ஊரிலே ஒரு துலாவைக் கொண்டு இரண்டு கிணற்றில் இறைக்க முடியுமா? இரண்டு நிகழ்ச்சிக்கு இரண்டு வடம் வேண்டுமென்பது அதனாலேதான். சுருட்டி வைத்ததை விரித்துத் திருகினேன். நடுவிலுள்ள செப்புக் கம்பி வளையாமல் நேரே புகவேண்டும். வளைந்தால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து.

எங்கள் கிண்ணம் தென்கிழக்கை நோக்கியிருக்கிறது. இங்குள்ள ஒளிபரப்புக்கான செய்மதிகள் மத்திய கோட்டின்மேல், கிழக்கு நெடுங்கோடு 28.2 பாகையிலே, ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றன. இலண்டனிலிருந்து பார்க்க, அவை அடிவானத்துக்கு மேலே 25 பாகை அளவில்தான் தோன்றும். அதனால் அயலவரின் செறிமரம் இலைவிடும் காலத்திலே எங்கள் வீட்டுப் படத்தில் புள்ளி விழும். நம் நாட்டிலே மத்திய கோடு அண்மையிலிருப்பதால் கிண்ணங்கள் மழையை ஏந்துவன போல் வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும். இரண்டு நாட்டையும் கண்டவன் இந்த ஒரு வேறுபாட்டிலேயே அகலக்கோட்டுப் பாடம் முழுவதையும் நடத்திவிடலாம்.

இந்தச் செய்மதிகள் நிற்கும் பாதையைப் பற்றி எழுத வந்தால் நம் நாட்டையும் நினைக்கவேண்டும். அந்த உயரத்திலே பூமியோடு ஒத்துச் சுழலும் நிலையங்கள் மூன்று இருந்தால் உலகெங்கும் செய்தி பரப்பலாமென்று, 1945 ஒக்ரோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956 முதல், 2008இல் மறையும்வரை, இலங்கையையே தம் வீடாகக் கொண்டிருந்தார். இந்தியக் கிராமங்களுக்குச் செய்மதி வழியாகக் கல்வி ஒளிபரப்பு நடத்திப் பார்த்த 1975–76 காலத்திலே, இந்தியப் பொறியியலாளர் கொழும்பில் அவர் இல்லத்திலும் ஒரு பெரிய கிண்ணத்தை அமைத்துக் கொடுத்தனர். இலங்கைக்கு அப்போது தொலைக்காட்சியே இல்லை. அது வந்தது 1979இல். யாழ்ப்பாணத்தில் இளம் ஆசிரியனாயிருந்த நான் வகுப்பிலே அதைச் சொன்னபோது, பின்வாங்கிலிருந்த ஒருவன், “சேர், அவர் ஒருத்தர்தானே பாக்கிறார், கதைக்கிறதுக்கு ஆள் வேணாமே?” என்று கேட்டான். அவன் இப்போது எந்த நாட்டிலோ!

பெட்டிக்கு வருவோம். அஞ்சற் குறியீட்டைக் கேட்டது, கொடுத்தோம். அதைக்கொண்டே எந்த வட்டாரத்துச் செய்தியைத் தருவதென அது முடிவு செய்யுமாம். அலைவரிசைகளைத் தானே தேடி அடுக்கிற்று. ஏழு நாளைய நிகழ்ச்சி நிரல் மெல்ல மெல்ல நிரம்பிற்று. என் மனைவியின் தொடரைக் குறிக்கலாமென்று தேடினேன். தை மாதத்தில் இந்நாட்டுத் தோட்டமெல்லாம் உறங்கும்; நிகழ்ச்சியும் உறங்கும். ஏழு நாளுக்கு அப்பாலுள்ளதைக் குறிக்க வழியில்லை. பங்குனிவரை பொறுக்கவேண்டும் என்று நாட்காட்டியில் எழுதி வைத்தேன்.

பேரன் அதற்குள் பழைய பெட்டியைத் திறந்து வன்தட்டைக் கழற்றிவிட்டான். அதற்கேற்ற வடம் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். புதிய பெட்டியின் பின்புறத்திலே மாட்டினான். திரையில் எழுத்துத் தோன்றியது: ‘இத்தட்டு அமைக்கப்படவில்லை. அமைத்தால் உள்ளவை யாவும் அழியும். தொடரலாமா?’

“அம்மப்பா, ஓகே அமத்தட்டோ?”

அவன் பெருவிரல் பொத்தானின் மேலிருந்தது. நான் என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. உரக்கச் சொன்னேன் என்பது மட்டும் தெரியும். பிள்ளை பயந்துபோய்த் தொலையியக்கியைக் கீழே போட்டுவிட்டான். இதுவரை அவனை நான் அதட்டியதில்லை.

பின்னர் விளங்கிற்று. பதிவுகள் வெறுமனே எழுதப்படுவனவல்ல, பூட்டி எழுதப்படுவன. திறப்பு அந்தப் பெட்டியின் மூளைக்குள்ளேயே இருக்கிறது. தட்டை வேறு எந்தப் பெட்டியில் மாட்டினாலும், கணினியில் மாட்டினாலும், அது குப்பைக்குச் சமம். உரிமையாளர் தம் படைப்பைக் காத்துக்கொள்ள அவ்வாறு செய்கின்றனர். அதை நான் குறை சொல்லவில்லை. ஆறு விநாடிக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கலாம் என்று தோன்றியது.

வன்தட்டைப் பழைய பெட்டியிலேயே மீண்டும் பூட்டி, துணிப்பையிலிட்டு, பேருந்தேறி, நம்மவர் ஒருவரின் திருத்தகத்துக்குக் கொண்டுபோனேன். மின்சாரத்தைத் துண்டித்தாலும் சிலவேளை உள்ளே மின் தங்கியிருக்கும், வீட்டிலே இனித் திறக்கவேண்டாமென்று அவர் முதலிற் கண்டித்தார். பின் மூடியைக் கழற்றி, மின்வழங்கும் பலகையைச் சுட்டினார். சிறு உருளைகள் இரண்டின் தலை உப்பியிருந்தது. “உந்தக் கொள்ளளவியள்தான் ஐயா. பத்துப் பன்ரண்டு வருசம் சூட்டிலை கிடந்தால் இப்பிடித்தான் வீங்கும். மூளை நல்லாத்தான் கிடக்கு.” பொருளின் விலை சில சில்லறை, வேலைக்கும் பெருந்தொகை கேட்கவில்லை. இரண்டு நாளில் நீல விளக்கு எரிந்தது. எத்தனை நாளைக்கென்று கேட்டேன். தட்டும் கிழடு, அதற்குத் தாம் பொறுப்பில்லை என்றார். நேர்மையான மனிதர்.

இப்போது பழைய பெட்டி புதியதன் கீழே இருக்கிறது. அதற்கு வடம் இல்லை. ஏற்றும்போதெல்லாம் சமிக்ஞை இல்லையென்று முறையிடும். பட்டியலைத் திறந்தால் அடங்கிவிடும். எச்சரிக்கைக்காகப் பேரன் கைத்தொலைபேசியைத் திரைக்கெதிரே பிடித்து அந்தப் பகுதியைப் படமெடுத்து வைத்திருக்கிறான். அதிலே திரை அலையலையாக ஓடுகிறது. நடுவே என் இருமலும் கேட்கிறது. பங்குனியில் நிகழ்ச்சி நிரலிலே தோட்டக்கலைத் தொடரைக் கண்டு புதிய பெட்டியிற் குறித்தும்விட்டேன். உங்களுக்குத் தோட்டமே இல்லையே என்று மகள் கேட்டாள். பதியட்டும் என்றேன்.

படமெடுத்த அன்று, சைக்கிளிற் சிறுவன் தோன்றியதும் நான் நிறுத்து பொத்தானை அழுத்தினேன். அம்மம்மாவின் வீடு எதுவென்று பேரன் கேட்டான். வீடு படத்தில் இல்லை. பனைகளுக்கும் அப்பால், இடப்பக்கமாகப் பத்து நிமிட நடை. எழுந்து சென்று திரையைக் கடந்து, சுவரிலே, புதிய பெட்டியின் வடங்கள் இரண்டும் இறங்கும் இடத்துக்குச் சற்று மேலே, விரல் வைத்துக் காட்டினேன்.