பழைய காருக்கும் சாதகம் உண்டு, தெரியுமா?

2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் ஏறத்தாழ 89 வீதம் மின்சாரக் கார்கள்! அதே நாட்டில்தான் பழைய பெற்றோல் ஸ்போர்ட்ஸ் கார் மீது இன்னும் கிறுக்குப் பிடித்து அலைகிறார்கள், தெரியுமா? ஒஸ்லோவின் எக்கேபெர்க் திடலில் பழைய வண்டிச் சந்தை கூடினால், துருப்பிடித்த கார்புரேட்டருக்குக்கூட ஆள் இருக்கும்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் அங்கே நினைத்தவுடன் கார் வாங்கிவிட முடியாது. அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். 1960 ஒக்டோபர் 1 வரை இதே கெடுபிடி! 1956இல் டெலமார்க் பகுதியின் லுண்டே என்ற ஊரில் 'ட்ரோல்' என்று கண்ணாடியிழை உடலோடு சொந்தமாகவே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். பெருமளவில் விற்க அரசு விடவில்லை. மொத்தம் ஐந்தே கார்கள்!

ஆகவே இன்று கையில் இருப்பவற்றில் பல பின்னாளில் கப்பலேறி வந்தவை, அதிலும் அமெரிக்காவிலிருந்து. இங்கேதான் பிறந்த தேதிக்கு மவுசு: 30 வயது தாண்டிய வண்டியென்றால், கழுத்தை நெரிக்கும் பதிவு வரி போய்ச் சிறு தொகையோடு முடிந்துவிடும்!

வயதையும் குலத்தையும் எப்படிக் கண்டுபிடிப்பது? தொழிற்சாலை பொறித்த வண்டி எண்ணில் இருக்கிறது சாதகம். '5 எஃப் 08 கே' என்று தொடங்கும் ஃபோர்ட் மஸ்டாங்கைப் பாருங்கள். 5 என்றால் 1965ஆம் ஆண்டு மாதிரி. எஃப், டியர்போர்ன் தொழிற்சாலை. 08, திறந்த கூரை. கே என்றால் 271 குதிரைத்திறன் எஞ்சின்! அந்த ஒற்றை எழுத்துக்காகப் போலி வண்டிகள் பிறக்கின்றன. கதவில் உள்ள தகட்டை மட்டும் நம்பக் கூடாது. புதுசாக அடித்து ஒட்டிவிடலாம். ஓட்டுநர் பக்கம் எஞ்சின் அறையின் உள்தகட்டில் பொறித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 1964 மார்ச்சில் செய்த முதல் மஸ்டாங்குக்கும் 5 தான் போட்டார்கள். அதிகாரபூர்வமாக '1964 மஸ்டாங்' என்று ஒன்று கிடையவே கிடையாது! ஜெர்மனியில் அதே காரின் பெயர் 'டி-5'. காரணம், 'மஸ்டாங்' என்ற பெயரை க்ரூப் நிறுவனம் தன் லொறிக்கு ஏற்கெனவே வைத்திருந்தது.

கொர்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் இன்னும் குறும்பு. 1971 வரை அதன் வண்டி எண் எந்த எஞ்சின் என்று சொல்லாது. ஆனால் 1967 முதல், என்னென்ன பொருத்தி அனுப்பினார்கள் என்ற பட்டியலைப் பெற்றோல் தாங்கியின் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். தாங்கியை இறக்கினால்தான் முழுதாக வாசிக்கலாம், அதுவும் துருவும் ஈரமும் விட்டுவைத்திருந்தால்!

அயல்நாட்டு வொல்வோ பி1800 சுத்தச் சுவீடன் கார் என்று நினைத்தீர்களா? முதல் 6,000 கார்களுக்கு உடல் ஸ்கொட்லாந்தின் லின்வுட்டில். பூட்டியது இங்கிலாந்தின் ஜென்சன் நிறுவனம். 1963இல்தான் பூட்டும் வேலை சுவீடனுக்குப் போனது.

ஆங்கிலேய எம்ஜி காரென்றால் வேலை சுலபம். 'ஜி எச் என் 3 எல்' என்ற எண்ணின் கடைசி எல், இடப்பக்க ஸ்டியரிங். மீதியை இங்கிலாந்தின் கேய்டன் அருங்காட்சியகம் சொல்லும்: செய்த நாள், நிறம், எஞ்சின் எண், எந்த நாட்டுக்குப் போனது, எல்லாம் பழைய தொழிற்சாலைப் பேரேட்டிலிருந்து, கட்டணத்துக்குச் சான்றிதழாக! ஒரு காரின் முதல் நிறம் என்ன என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை விற்பவரின் வாயைவிட அந்தக் காகிதமே பெரிது.

அதே பேரேடுகளில் மொரிஸ், ஒஸ்டின் கார்களும் உண்டு. ஆமாம், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய அதே இனம்தான்! உங்கள் தாத்தாவின் மொரிஸ் மைனர் இன்னும் கொட்டிலில் நிற்கிறதா? விற்குமுன் தகட்டு எண்ணைப் படம் பிடித்துக் கேய்டனுக்கு எழுதிப் பாருங்கள்.