தோற்ற இயந்திரங்கள் படிக்கும் பள்ளிக்கூடம்

டோக்கியோவின் ஹனேடா பகுதியில், ஓட்டோரி என்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே புதிதாக மூன்று மாணவிகள் சேர்கிறார்கள். ஒருத்தி பெயர் மெகா டிரைவ். அடுத்தவள் செகா சாட்டர்ன். மூன்றாமவள் டிரீம்காஸ்ட். நூறு பதக்கம் சேர்த்தால்தான் தேர்ச்சி. பதக்கம் வேண்டுமென்றால் வீடியோ கேம்களுக்குள் நுழைந்து, ஆசிரியர் சொல்லும் வேலையை முடித்துவிட்டு வர வேண்டும். 2014 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கி 13 அத்தியாயங்கள் ஓடிய ‘ஹை ஸ்கூல்! செஹா கேர்ள்ஸ்’ என்ற நகைச்சுவை அனிமேயின் கதை மொத்தமும் இவ்வளவுதான். ‘செஹா’ என்பது செகா ஹார்ட்வேர் என்பதன் சுருக்கம்.

அந்த மூன்று பெயர்களும் செகா நிறுவனம் தயாரித்து விற்ற வீடியோ கேம் கருவிகளின் பெயர்கள். தொலைக்காட்சியோடு இணைத்து, கையில் கண்ட்ரோலரைப் பிடித்து விளையாடும் மின்கருவிகள். அவற்றுக்குத்தான் கண், மூக்கு, சடை, சீருடை எல்லாம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பள்ளி அமைந்திருக்கும் ஓட்டோரியும் கற்பனை ஊர் அல்ல. 2018இல் இடம் மாறும்வரை செகாவின் தலைமை அலுவலகம் அங்கேதான் இருந்தது.

இந்தத் தொடரைப் புரிந்துகொள்ள ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கான கேம் கருவி தயாரிப்பதிலிருந்து விலகுவதாக செகா 2001 ஜனவரி 31 அன்று அறிவித்தது. அதாவது இந்த மாணவிகள் எல்லாரும் சந்தையில் தோற்றவர்கள், உற்பத்தி நின்று குறைந்தது 13 ஆண்டு ஆனவர்கள். தோல்வியை இப்படிச் சிரிப்பாக்கியது போட்டி நிறுவனமோ குறும்புக்கார ரசிகர்களோ அல்ல. 2013இல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது செகாவும் டெங்கெகி பதிப்பகத்தாரும். அனிமேயைத் தயாரித்த டிஎம்எஸ் என்டர்டெயின்மென்ட், செகா சாமி குழுமத்தின் துணை நிறுவனம். தன் தோல்விகளைத் தானே உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறது ஒரு நிறுவனம். தொடரின் அழகு எனக்கு முதலில் பிடிபட்டது இங்கேதான்.

பொருள்களுக்கு மனித உருவம் தருவதை ஜப்பானியர் ‘கிஜின்கா’ என்கிறார்கள். நூறாண்டு பழகிய பாத்திரபண்டங்களுக்கு உயிர் வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே நெடுங்காலமாக உண்டு. அப்படி உயிர்பெற்றவற்றை ‘சுகுமோகாமி’ என்பார்கள். குடை, செருப்பு, விளக்கு எல்லாம் கண் முளைத்து எழுந்து நடக்கும் பழைய ஓவியங்கள் ஏராளம். ஆனால் இன்றைய கிஜின்கா அந்த நம்பிக்கையிலிருந்து நேராக வந்தது என்று சொல்லிவிடுவது அவசரம். இதற்கு அருகில் நிற்கும் முன்னோடி, 2003 வாக்கில் ஜப்பானிய இணைய ஓவியர்கள் கூடி உருவாக்கிய ‘ஓஎஸ்-டான்’ பெண்கள். விண்டோஸின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண். அவர்களில் முதலில் பெயர்பெற்றவள், நிமிடத்துக்கு நிமிடம் முடங்கிப்போவதாகப் பேர்வாங்கிய விண்டோஸ் எம்இ. படங்களில் அவள் எதை எடுத்தாலும் கீழே போடுவாள், உதவ வந்து காரியத்தைக் கெடுப்பாள். ஆனாலும் எல்லாருக்கும் அவள்தான் செல்லம்.

நன்றாக ஓடுகிற இயந்திரத்தை யாரும் கவனிப்பதில்லை. மக்கர் செய்யும் இயந்திரத்தோடுதான் மனிதர்கள் பேசுகிறார்கள், திட்டுகிறார்கள், கெஞ்சுகிறார்கள். அதற்கு ஒரு சுபாவம் இருப்பதாக அப்போதுதான் தோன்றத் தொடங்குகிறது. இந்த வகைக் கதைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இங்கே பழுதுதான் பாத்திரம். செகாவிடம் அந்தச் சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

மூத்தவளிடமிருந்து தொடங்கலாம். மெகா டிரைவ் ஜப்பானில் வெளிவந்தது 1988 அக்டோபர் 29 அன்று. அதற்குச் சரியாக ஆறு நாள் முன்புதான் போட்டி நிறுவனமான நின்டெண்டோ தன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ஐ இறக்கியிருந்தது. ஊரே மாரியோவின் பின்னால் போனது. கடைசிவரை ஜப்பானில் மெகா டிரைவுக்கு மூன்றாம் இடம்தான். இத்தனைக்கும் அது 16 பிட் கருவி. அன்றைக்கு வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் 8 பிட். அந்தப் பெருமையை மறைக்காமல், கருவியின் மேலேயே ‘16-பிட்’ என்று பொன்னிற எழுத்தில் பொறித்திருந்தார்கள். அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்ற பெயரில் 1989இல் போய், 1991இல் சோனிக் என்ற நீலநிற முள்ளெலி துணைக்கு வந்தபின் நின்டெண்டோவைத் திணறடித்தது அதே கருவி. வெளியூரில் கொண்டாடப்பட்டு, சொந்த ஊரில் கண்டுகொள்ளப்படாத படிப்பாளி. அனிமேயில் மெகா டிரைவ் மூக்குக்கண்ணாடி போட்ட, அடக்கமான, புத்தகப்புழுப் பெண்ணாக வருவது வெறும் அலங்காரம் அல்ல என்று அப்போது புரியும்.

90களில் நம் ஊர் வீடுகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் கேசட் செருகி விளையாடியவர்களுக்கு மாரியோவைத் தெரிந்த அளவுக்கு செகாவைத் தெரிந்திருக்காது. அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அந்த ஃபேமிகாம் ஜப்பானில் வெளிவந்த 1983 ஜூலை 15 அன்றுதான் செகாவின் முதல் கருவியான எஸ்ஜி-1000உம் வந்தது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று உலகத்தையே சுற்றிவந்தது.

சாட்டர்னின் கதைதான் மூன்றிலும் பெரிது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. 1994 நவம்பர் 22 அன்று ‘விர்சுவா ஃபைட்டர்’ விளையாட்டோடு ஜப்பானில் இறங்கி, முதல் நாளிலேயே ஏறத்தாழ 2 லட்சம் விற்றது. அடுத்த பதினோராவது நாள், டிசம்பர் 3 அன்று, சோனியின் பிளேஸ்டேஷன் வந்தது. சாட்டர்னுக்குள் ஹிட்டாச்சி நிறுவனத்தின் எஸ்எச்-2 முதன்மைச் செயலி ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்கு இரண்டு என்றால் வேகம் இரட்டிப்பாக வேண்டும் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. இரண்டும் ஒரே நினைவகத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் வேலையைச் சரியாகப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்த நிரலாளர்கள் வெகு குறைவு. முப்பரிமாண உருவங்களை மற்றவர்கள் முக்கோணங்களால் கட்டியபோது, சாட்டர்ன் நாற்கோணங்களால் கட்டியது. வேறு கருவிக்காக எழுதிய விளையாட்டை இதற்கு மாற்றுவது பெரும்பாடு. தட்டையான இருபரிமாணப் படங்களில் அதை மிஞ்ச ஆளில்லை. உலகமோ அப்போது முப்பரிமாணத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் கொடுமை. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி. சாட்டர்ன் செப்டம்பரில் வரும் என்று எல்லாரும் காத்திருக்க, இன்றே கடைகளில் கிடைக்கிறது, விலை 399 டாலர் என்று செகா திடீரென்று அறிவித்தது. விளையாட்டு தயாரிப்பவர்கள் தயாராக இல்லை. குறிப்பிட்ட சில கடைகளுக்கு மட்டும் சரக்கு கொடுத்ததால், விடுபட்ட கேபி டாய்ஸ் கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டு சாட்டர்னை விற்கவே மறுத்தார்கள். அதே கண்காட்சியில் சோனியின் அதிகாரி ஒருவர் மேடையேறி, ‘299’ என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அரங்கம் கைதட்டியது. விலையில் நூறு டாலர் வித்தியாசம்.

அனிமேயில் சாட்டர்ன்தான் மற்ற இருவரையும் கட்டி மேய்ப்பவள். ஜப்பானிய இரட்டையர் நகைச்சுவையான ‘மன்சாய்’யில் ஒருவர் அசட்டுத்தனமாக உளறுவார், மற்றவர் தலையில் தட்டித் திருத்துவார். திருத்தும் வேலை சாட்டர்னுக்கு. உள்ளே இரண்டு மூளை வைத்திருந்தும் எதையும் சுலபமாகச் செய்ய முடியாத கருவிக்கு, எல்லாவற்றையும் சரிசெய்ய முயன்று களைக்கும் பாத்திரத்தைக் கொடுத்த எழுத்தாளரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

உளறும் வேலை டிரீம்காஸ்டுக்கு. பொன்னிற முடி, வெள்ளையும் ஆரஞ்சுமான உடை, எதற்கும் கவலைப்படாத குதூகலம். 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானில் பிறந்த டிரீம்காஸ்ட், இணையத்தில் இணைய மோடத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்த கருவி. வீடுகளில் அகன்ற அலைவரிசை இணைப்பு பரவாத காலம் அது. 2000 டிசம்பரில் வந்த ‘ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன்’ விளையாட்டில் நாடுவிட்டு நாடு முன்பின் தெரியாதவர்கள் ஒன்றுசேர்ந்து விளையாடினார்கள். இன்று எல்லாக் கருவியும் செய்வதை அது முந்திக்கொண்டு செய்தது. ஆனால் ஜப்பானில் அறிமுகமான வேளையில் வரைகலைச் சிப்பு போதிய அளவில் கிடைக்காமல் கடைகள் காலியாக நின்றன. அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9 அன்று ஒரே நாளில் 2,25,132 கருவி விற்று உச்சிக்குப் போனது. 2000 மார்ச்சில் டிவிடி படமும் பார்க்கக்கூடிய பிளேஸ்டேஷன் 2 வந்ததும் கதை முடிந்தது. மொத்த விற்பனை ஏறத்தாழ 91 லட்சம். கடனில் மூழ்கிய செகாவைத் தலைவர் இசாவோ ஒக்காவா தன் சொந்தப் பங்குகளைக் கொடுத்துக் காப்பாற்றினார். மதிப்பு ஏறத்தாழ 8,500 கோடி யென். 2001 மார்ச் 16 அன்று அவர் இறந்தார். டிரீம்காஸ்டின் உற்பத்தி நின்றதும் அதே மாதம்தான்.

இவ்வளவு துயரத்தை வைத்துச் சிரிக்கலாமா என்று கேட்கலாம். செகா அதைத் தோல்விக்கு முன்பிருந்தே செய்துவந்தது. 1997இல் தொடங்கிய சாட்டர்ன் விளம்பரங்களில் ‘செகாட்டா சான்ஷிரோ’ என்ற ஜூடோ வீரர், சாட்டர்ன் விளையாடாதவர்களைத் தேடிப்போய்த் தூக்கி அடிப்பார். கடைசி விளம்பரத்தில், செகா அலுவலகத்தை நோக்கிவந்த ஏவுகணையைத் தன் உடலால் திசைதிருப்பி உயிரை விட்டார். டிரீம்காஸ்டுக்கு வழிவிடுவதற்காக அந்தப் பாத்திரத்தையே முடித்துவைத்தார்கள். அதற்குப்பின் வந்தவர் நடிகர் அல்ல, செகாவின் நிஜமான நிர்வாகி ஹிடேகாசு யுகாவா. செகாவைவிட பிளேஸ்டேஷன்தான் நன்றாக இருக்கிறது என்று சிறுவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு அவர் உடைந்துபோவதுதான் 1998 விளம்பரம். கருவிகளுக்கு முகம் கிடைப்பதற்கு முன்பே, அந்தக் கருவிகளுக்காக வெட்கப்பட ஒரு முகம் கிடைத்துவிட்டது.

உச்சகட்டம், 2001 மார்ச் இறுதியில் டிரீம்காஸ்டுக்கு வந்த ‘செகாகாகா’. சந்தையில் 3 சதவீதப் பங்கோடு தத்தளிக்கும் செகாவை விளையாடுபவர் நிர்வாகம் செய்து காப்பாற்ற வேண்டும், இதுதான் விளையாட்டு. அது விற்பனைக்கு வந்தபோது நிஜத்தில் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. அந்த விளையாட்டின் இறுதிக் கட்டத்தில் செகாவின் பழைய கருவிகளே எதிரிகளாக எதிரே வரும். செஹா கேர்ள்ஸ் படிக்கும் பள்ளியின் பெயர் ‘செஹாகாகா’. முந்தைய விளையாட்டில் சுட்டு வீழ்த்தப்பட்டவர்களுக்கு இங்கே மேசை நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

இயக்குநர் சோட்டா சுகஹரா, 2011இல் ‘ஜிடிஜிடி ஃபேரீஸ்’ என்ற தொடரால் பெயர் வாங்கியவர். சிக்கனமான கணினி உருவங்கள், குரல் நடிகைகளைத் தன்போக்கில் பேசவிடுதல், வேகமான அரட்டை ஆகியவை அவருடைய பாணி. இங்கேயும் அதுதான். மாணவிகள் நுழையும் உலகங்கள் அந்தந்தக் கருவியின் சொத்து: சாட்டர்னுக்கு ‘விர்சுவா ஃபைட்டர்’, மெகா டிரைவுக்கு ‘சோனிக்’, டிரீம்காஸ்டுக்கு ‘ஜெட் செட் ரேடியோ’. பழைய விளையாட்டின் கட்டம்கட்டமான உருவங்களை அப்படியே காட்டுவதால், சிக்கனமே ஒரு நியாயமாகிவிடுகிறது. என்றாலும் குறை உண்டு. அசைவுகள் சில இடங்களில் மரப்பாச்சித்தனமாக இருக்கின்றன. செகாவின் வரலாறு தெரியாதவருக்குப் பாதி நகைச்சுவை காற்றில் போகும்.

கிஜின்கா வகையில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. இயந்திரங்கள் ஏன் எப்போதும் பெண்களாகவே மாறுகின்றன? சொன்னதைச் செய்யும், சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூடிய பொருளைப் பெண்ணாக்கும்போது, அந்த உடைமை உணர்வும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. மனச்சோர்வுற்ற மனிதர்களுக்கு மின்சாரம் பாய்ச்சி உற்சாகமூட்டும் சார்ஜர் பெண்களைப் பற்றி ‘ஃபைட் இப்பாட்சு! ஜூடென்-சான்!!’ என்றொரு மாங்கா வந்தது. 2009இல் அது அனிமேயும் ஆனது. நல்ல கற்பனை. ஆனால் கதை முழுக்க உடலைக் காட்டுவதிலேயே கரைந்துபோனது. செஹா கேர்ள்ஸ் பெரும்பாலும் அந்தக் குழியில் விழவில்லை. இந்த மூவரும் யாருக்கும் சொந்தமாக இல்லை. பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், தேர்வில் தேறப் பார்க்கிறார்கள்.

இதைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து ‘ஹைப்பர்டைமன்ஷன் நெப்டியூனியா’ பக்கம் போகலாம். 2010இல் விளையாட்டாகத் தொடங்கி, 2013இல் அனிமேயான தொடர். அதில் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் ஒரு பெண் தெய்வம், ஒரு நாடு. பிளேஸ்டேஷன் 3, வீ, எக்ஸ்பாக்ஸ் 360 என மற்றவர்கள் எல்லாம் கடையில் விற்ற கருவிகளின் உருவங்கள். நாயகி நெப்டியூன் மட்டும் விதிவிலக்கு. மெகா டிரைவையும் அதன் துணைக்கருவியான 32எக்ஸையும் ஒரே பெட்டிக்குள் வைத்து செகா திட்டமிட்ட கருவி நெப்டியூன். சாட்டர்ன் நெருங்கிவிட்டதால் அதைக் கைவிட்டார்கள். ஒருநாளும் விற்பனைக்கு வரவில்லை. 2015இல் இரண்டு தொடர்களையும் இணைத்து ஒரு விளையாட்டு வெளிவந்தது. மெகா டிரைவும் சாட்டர்னும் டிரீம்காஸ்டும் நெப்டியூனைச் சந்திப்பது அதில்தான்.