விண்வெளி வீரரும் விண்ணோடியும்

ஒரு சொல்லின் வரலாறு அதனைப் படைத்தோரின் உள்ளப்பாங்கையும் உணர்த்தவல்லது. விண்வெளியிற் செல்வோரைக் குறிக்கும் சொற்கள் இதற்குத் தக்க சான்றாம்.

விண்வெளியிற் செல்வோரை அமெரிக்கர் 'அஸ்ட்ரோநாட்' என்பர். ரஷ்யர் 'கொஸ்மோநாட்' என்பர். இரண்டும் கிரேக்க மொழியடியாகப் பிறந்தவை. 'அஸ்ட்ரோன்' என்பது விண்மீன். 'கொஸ்மொஸ்' என்பது முதற்கண் ஒழுங்கையும் அணியையும் குறித்துப் பின்னர் ஒழுங்கமைந்த அண்டத்தைக் குறிப்பதாயிற்று. இருசொற்களின் ஈற்றிலும் நிற்பது 'நௌதேஸ்', அதாவது கப்பலோட்டி. அதன் அடி, கப்பலைக் குறிக்கும் 'நௌஸ்'. வடமொழியில் மரக்கலத்தை உணர்த்தும் 'நௌ' என்பதும் இதற்கு இனமானதே. எனவே முன்னையது விண்மீன்களிடையே கலஞ்செலுத்துவோர் எனவும், பின்னையது அண்டத்திற் கலஞ்செலுத்துவோர் எனவும் பொருள்படும்.

இச்சொல் செயலுக்கு முந்தியது. 1880ஆம் ஆண்டில் பேர்சி கிறெக் என்னும் ஆங்கில எழுத்தாளர், செவ்வாய்க் கிரகத்துக்குச் சென்ற கதையொன்றில் 'அஸ்ட்ரோநாட்' எனப் பெயரிட்டது கலத்துக்கேயாம், ஆளுக்கன்று. 1959இல் அமெரிக்கா எழுவரைத் தெரிந்தெடுத்து அப்பெயரால் அழைத்தபோது, மனிதர் எவரும் விண்வெளி சென்றிலர். 1961 ஏப்ரில் 12இல் யூரி ககாரின் புவியை வலம்வந்த பின்னரே 'கொஸ்மோநாட்' என்பது உலகெங்கும் பரவிற்று.

தமிழிலோ 'விண்வெளி வீரர்' என்னும் வழக்கு வேரூன்றியுள்ளது. 1963இல் விண்வெளி சென்ற முதற்பெண்மணி வலந்தினா தெரெஸ்கோவாவைக் குறிக்க 'வீராங்கனை' எனப் பிறிதொரு சொல் வேண்டியதாயிற்று. 'வீரர்' என்றவுடன் போர்க்களமே முதற்கண் நினைவில் எழும். கிரேக்கச் சொற்களிலோ போர்க்குறிப்பு யாதுமில்லை. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையும் இவர்களை மனிதகுலத்தின் தூதுவராகவே கொள்கின்றது.

அஞ்சாமை இன்றி விண்வெளி செல்லல் இயலாதாகலின் வீரர் என்றலே தகும் எனின், அற்றன்று. அஞ்சாமை கடலிற் செல்வோர்க்கும் வேண்டும். எனினும் அவரை நாம் வீரர் என்னாது, அவர்தம் தொழில் விளங்கக் கடலோடி என்கின்றோம். அம்முறையே விண்ணிற் செல்வோரை விண்ணோடி எனல் பொருத்தமுடைத்து. அச்சொல் ஆண்பாற்கும் பெண்பாற்கும் ஒருங்கே இயையும். மூலச்சொல்லின் கருத்தையும் கெடாது காக்கும்.

பிறமொழிச் சொல்லைத் தமிழாக்கப் புகுவோர் அதன் பொருளோடு அமையாது, அது பிறந்த கருத்தையும் நாடுதல் வேண்டும். பழங்கடலோடியின் பெயரே புதிய வானத்துக்கும் சென்றது என்பதனை மாணவர் உணர்வாராயின், சொல்லாக்கம் அகராதியோடு முடியும் பணியன்று என்பதனையும் உணர்வர்.