தேர்வெழுதிப் பெற்ற கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் மறுக்கலாமா?

தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் ஒரு பருவத்தின் பாடங்களுள் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ இணையவழிப் பாடங்களாகப் படித்துத் தேர்வெழுதிக் கிரெடிட் பெறுவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இடமளிக்கிறது. முன்பு இவ்வரம்பு 20 விழுக்காடாக இருந்தது. சிக்கல் ‘வரை’ என்னும் சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. எந்தப் பாடத்தை ஏற்பது என்பது பல்கலைக்கழகத்தின் கையில் உள்ளது. பாடம் இலவசம், தேர்வுக்கோ கட்டணம் உண்டு. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைக்கு அத்தொகை சிறிதன்று. ஆகவே, பணம் கட்டுமுன் துறைத்தலைவரிடம் எழுத்துவழி ஒப்புதல் பெறுங்கள். வாய்மொழி உறுதியைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம். ஒப்புதல் மறுக்கப்பட்டால், அரசுப் பல்கலைக்கழகமாயின், கல்விக்குழுத் தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கோரலாம். 30 நாட்களுக்குள் விடையளித்தாக வேண்டும். ‘மூன்றாண்டுப் பட்டம் ஓராண்டில்’ என்னும் விளம்பரங்களுக்கு இந்த ஒழுங்குமுறையில் இடமில்லை.