குரல் மாறிய பூனை

லசானியா என்றால் உயிர், திங்கட்கிழமை என்றால் வெறுப்பு. அந்தக் குண்டு ஆரஞ்சுப் பூனைதான் கார்ஃபீல்டு. ஜிம் டேவிஸ் வரைந்த இந்தச் சித்திரத் தொடர் 1978 ஜூன் 19 அன்று அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கியது.

2004-இல் பீட்டர் ஹியூவிட் இயக்கத்தில் அது சினிமாவானபோது உருவானது ஒரு விசித்திரக் கலவை. பூனையை வளர்க்கும் ஜானாக நடித்தவர் பிரெக்கின் மேயர். வீட்டு நாய் ஓடியாக வந்ததும் அசல் நாய்தான். கார்ஃபீல்டு மட்டும் கணினியில் பிறந்தது. கேமரா ஓடும்போது எதிரில் இல்லாத பூனையோடு மல்லுக்கட்டுவது மேயரின் பாடு!

அடுத்த சிக்கல் குரல். தொடரில் கார்ஃபீல்டு வாய் திறந்து பேசாது. நினைப்பதெல்லாம் தலைக்கு மேல் குமிழியில் வரும். தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் அதற்குச் சோம்பல் வழியும் குரல் கொடுத்த லொரென்சோ மியூசிக் 2001-இல் காலமாகிவிட்டார். படத்துக்குப் பேசியவர் பில் முர்ரே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் முர்ரே நடித்த பீட்டர் வெங்க்மன் பாத்திரத்துக்கு, பின்பு வந்த கார்ட்டூன் தொடரில் முதலில் குரல் தந்தவர் இதே மியூசிக்தான்!

திரைக்கதையாளர் ஜோயல் கோஹனைப் புகழ்பெற்ற இயக்குநர் ஜோயல் கோயன் என்று நினைத்தே படத்தை ஒப்புக்கொண்டதாக முர்ரே பின்னர் பேட்டியில் சொன்னார். நம்புவதா வேண்டாமா என்பது கேட்பவர் விருப்பம். விமர்சகர்கள் படத்தைக் கிழித்தார்கள். வசூலோ உலகெங்கும் ஏறத்தாழ 20 கோடி டாலர். 2006-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் அதே முர்ரேயின் குரல்தான்.