உங்க ஏரியா காலேஜ் புது பிளாக் கட்டுதா? இந்த 20,000 சதுர மீட்டர் கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க!

தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு பக்கம் காலை ட்ரெயினில் போகிறவர்களுக்குப் பொத்தேரி ஸ்டேஷன் நல்லாவே தெரியும். அங்கே பேக் மாட்டிய கூட்டம் மொத்தமாக இறங்கும். எதிரில் இருக்கும் எஸ்.ஆர்.எம்., 1985-ல் ஒரு இன்ஜினீயரிங் காலேஜாகத் தொடங்கி, 2002-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டுக்குத் திரும்பினால் ஐ.ஐ.ஐ.டி.டி.எம்., விளையாட்டுப் பல்கலைக்கழகம், வி.ஐ.டி. என்று வரிசையாக வரும்.

இப்படி ஒரு கேம்பஸ் வளரும்போது, காம்பவுண்டு சுவருக்கு வெளியே இருக்கிற தெருவுக்கு அதில் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. 2025 ஆகஸ்ட்டில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று, அந்தச் சம்பந்தத்தை இன்னும் முக்கியமாக்கி இருக்கிறது.

எல்லாரும் ஏன் தெற்கே வந்தாங்க?

இந்தப் பழக்கம் புதுசு இல்லை. சென்னை பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. ஜார்ஜ் டவுனில் இடம் போதாமல் இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிமாறியது. 1959-ல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் ஐ.ஐ.டி. வந்தது. அதற்கும் இன்று 617 ஏக்கர் போதவில்லை. கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில் 163 ஏக்கரில் இன்னொரு வளாகம் உருவாகி வருகிறது. ஐகோர்ட் வளாகத்தில் இருந்த அரசு சட்டக் கல்லூரியும் 2018-ல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது.

பெரும்பாலும் முக்கியக் காரணம் ஒன்றுதான்: நகரத்துக்குள் இடம் இல்லை, புறநகரில் இருக்கிறது. ஆனால் வந்த இடத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். கிறிஸ்தவக் கல்லூரியின் 365 ஏக்கரில் புதர்க்காடு இன்னும் பெரும் பகுதி நிற்கிறது. மறுபக்கம், வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலப் பகுதியிலேயே மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் எழும்பின. அதே சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

சுவருக்கு வெளியே என்ன மாறும்?

முதலில் நல்லதைச் சொல்லிடுவோம். மெஸ், ஜெராக்ஸ் கடை, ஷேர் ஆட்டோ, வாடகை வீடு என்று பல குடும்பங்களுக்கு மாணவர்களால்தான் வருமானம்.

ஆனால் அதே வீட்டை நாலு மாணவர்கள் பங்கு போட்டு எடுக்கும்போது, ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் அந்த வாடகையோடு போட்டி போட முடியாது. தண்ணீர் லாரிகள் எங்கோ ஒரு கிணற்றில் இருந்துதான் எடுக்கின்றன. பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் கழிவுநீர் லாரிகளும் கூடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை மழை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. இந்தப் பகுதியின் ஏரிகள் ஒன்றோடு ஒன்று சங்கிலி போல இணைந்தவை. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். நடுவில் யார் பார்க்கிங் போட்டாலும், அது காலேஜாக இருந்தாலும் அபார்ட்மென்ட்டாக இருந்தாலும், தண்ணீர் தெருவுக்குள்தான் வரும்.

அந்த 20,000 கணக்கு என்ன?

2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர் (சுமார் 2.15 லட்சம் சதுர அடி) அல்லது அதற்கு மேல் கட்டினால் முன் அனுமதி வாங்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும், மழைநீர் எப்படி வடியும் என்றெல்லாம் அப்போது காட்டியாக வேண்டும்.

2014 டிசம்பரில் ஒரு திருத்தம் வந்தது. 1.5 லட்சம் சதுர மீட்டருக்குள் கட்டும் பள்ளி, கல்லூரி, விடுதிகளுக்கு இந்த அனுமதி வேண்டாம் என்றார்கள். ஐ.டி. கம்பெனி கட்டினால் அனுமதி வேண்டும், அதே அளவில் காலேஜ் கட்டினால் வேண்டாம்! கேரள ஐகோர்ட் 2024-ல் இதை ரத்து செய்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அதே சலுகையை மறுபடி கொண்டுவந்தது. ஆகஸ்ட் 5 அன்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. கல்வியும் இன்று செழிப்பான தொழிலாகிவிட்ட நிலையில் அதற்கு மட்டும் ஏன் விலக்கு என்பதுதான் கோர்ட்டின் பார்வை.

சரி, நாம என்ன செய்யலாம்?

ஒரு சிக்கல் இருக்கு. கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் இல்லை. அதனால் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியது நாம்தான்.

* மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடலாம். விண்ணப்பமும் அனுமதி நிபந்தனைகளும் கிடைக்கும்.

* அனுமதி வாங்கிய நிறுவனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நிபந்தனைகளைப் பின்பற்றுகிறோம் என்று அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், கேட்டு வாங்கலாம்.

* சர்வே எண் தெரிந்தால், தமிழக அரசின் இணையத்தளத்தில் 'அ' பதிவேடு, புல வரைபடம் பார்க்கலாம். ஏரி, வாய்க்கால் என்று பதிவாகி இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

* கட்டட அனுமதி பற்றிய விவரங்களை சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யிடம் ஆர்.டி.ஐ. மூலம் கேட்கலாம்.

பேரம் பேச முடியுமா?

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம், மேற்கு ஹார்லெமில் 17 ஏக்கருக்கு விரிந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. 2010-ல் கோர்ட் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, வீட்டு வசதி, கல்வி உள்ளிட்ட பலன்களுக்காக 15 கோடி டாலர் மதிப்பில் ஏரியா மக்களுக்கான ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகம் கையெழுத்திட்டிருந்தது.

நம்ம ஊரில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. ஆனால் 2021-ல் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டது. 70 வார்டு, 70 கவுன்சிலர். அடுத்த புது பிளாக்குக்குக் குழி தோண்டும் முன்பே, "இந்தத் தண்ணி எந்த ஏரிக்குப் போகும்?" என்று உங்க கவுன்சிலரிடம் கேளுங்க. கட்டி முடித்த பிறகு கேட்டால், பதில் மழைக்காலத்தில்தான் கிடைக்கும்.